ஆமாம், புயலன்று என் மகள் கூஃபியோடு சிரித்தாள்

ஃப்ளோரிடாவில் மில்டன் புயல் அடித்த அன்று, டிஸ்னியின் நாய்ப் பாத்திரமான கூஃபியின் வேஷம் போட்டவரோடு என் மகள் சிரிக்கிற படத்தை முகநூலில் போட்டேன். அதை ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே கேலி எழுதிப் பரப்பினார். பேசாமல்தான் இருந்தேன். "விடு, முகநூல்தானே" என்று வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் அந்த ஸ்க்ரீன்ஷாட் இப்போது எங்கள் பண்ருட்டி சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப் வரை போய்விட்டது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. யார் எடுத்துப் போட்டார், கீழே யார் யார் வந்து சிரித்தார்கள் என்பதெல்லாம் இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மறுபடி விளக்கப்போவதில்லை. "ஃப்ளோரிடாவே மூழ்குது, இவங்களுக்கு கூஃபி கேக்குது" என்று என் படத்தின் மேல் எழுதியிருக்கிறாரே, அதற்குப் பதில் சொல்லத்தான் இது.

2024 அக்டோபர் 9, மில்டன் புயல் கரையேறிய புதன்கிழமை, நாங்கள் ஒர்லாண்டோவில் டிஸ்னி ஹோட்டலை விட்டு நகராமல் இருந்ததுதான் சரி. திரும்பவும் சொல்கிறேன், அதுதான் சரி. ஒரு குழந்தையையும் எழுபது தாண்டிய அம்மாவையும் வைத்துக்கொண்டு அன்றைக்கு இதைவிடப் பொறுப்பாக நாங்கள் செய்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை.

"ஹரிக்கேன் சீசனில் யாராவது ஃப்ளோரிடா போவார்களா?" அதிக லைக் வாங்கிய கமெண்ட் இதுதான். ஐயா, அட்லாண்டிக் ஹரிக்கேன் சீசன் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை. வருஷத்தில் சரிபாதி. பள்ளிக் கோடை விடுமுறையில் பெரும்பகுதி அதற்குள்தான் வருகிறது. கமெண்ட் போட்டவர் ஜூலையில் பிள்ளைகளோடு அதே சிண்ட்ரெல்லா கோட்டை முன்னால் நின்று எடுத்த படம் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூலையும் சீசன்தான். அவர் போனபோது புயல் வரவில்லை, நாங்கள் போனபோது வந்தது. இதில் அவருடைய முன்யோசனை எங்கே இருக்கிறது?

எங்கள் ஜார்ஜியா பக்கம் பள்ளிகளுக்கு அக்டோபரில் ஒரு சின்ன விடுமுறை உண்டு. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். பேத்தியோடு ஒரு தடவை போய்வரட்டும் என்று போன வருஷத்திலிருந்தே பணம் சேர்த்துப் போட்ட திட்டம் அது. சனிக்கிழமை விடியற்காலையில் அட்லாண்டாவில் காரை எடுத்தபோது மில்டன் என்ற பெயரே கிடையாது. அன்றைக்கு மத்தியானம்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஞாயிறு மதியம் அது ஹரிக்கேன் ஆனது. திங்கள் மதியத்துக்குள் கேட்டகரி 5, அதாவது இருப்பதிலேயே உச்ச நிலை. அன்றைக்கே காற்று மணிக்கு 285 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. எத்தனையோ வருஷமாகப் புயல்களைப் பற்றியே பேசிவந்த மயாமி டிவி வானிலையாளர் ஜான் மொராலஸ், பத்து மணி நேரத்தில் புயலின் காற்றழுத்தம் 50 மில்லிபார் இறங்கிவிட்டது (அழுத்தம் இறங்க இறங்கப் புயல் வலுக்கும்) என்று சொல்லும்போது நேரலையிலேயே குரல் உடைந்து நின்றார். அவரையே உலுக்கிய வேகத்தை நான் சனிக்கிழமை காலையில் எப்படித் தெரிந்து வைத்திருப்பேன்?

"ஹெலீன் வந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லையே" என்கிறார்கள். சரி, மில்டனுக்கு முன்னால் வந்த அந்த ஹெலீன் புயலையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவில் ஏறியது. எங்கள் ஊரையும் வெள்ளக்காடாக்கிவிட்டுப் போனது. ஆனால் அதிகம் பேரைக் கொன்றது எங்கே? கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிற வட கரோலினா மலைப்பகுதியில். அங்கே இருக்கிற ஆஷ்வில் நகரத்தில் வெள்ளம் வரும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? அங்கே வீட்டை இழந்தவர்களிடம் போய் "ஏன் அங்கே இருந்தீர்கள்" என்று கேட்பீர்களா?

அடுத்தது, "கிளம்பி வந்திருக்கலாமே." இதைக் கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த நாட்களில் வடக்கே போகும் ஐ-75 நெடுஞ்சாலை இருந்த நிலைமையைப் பார்த்திருக்க மாட்டார்கள். டாம்பா பக்கத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பல பெட்ரோல் பங்குகளில் பெட்ரோல் இல்லை. கட்டாயமாக வெளியேறச் சொன்னது கடலோரத்து மக்களை. அந்தப் பகுதிகளில் தங்கினால் செத்துப்போவீர்கள் என்று டாம்பா மேயர் ஜேன் காஸ்டர் டிவியில் வெளிப்படையாகவே சொன்னார். ஒர்லாண்டோ உள்நாட்டு ஊர். எந்தப் பக்கம் கடலுக்குப் போனாலும் காரில் ஒரு மணி நேரமாவது ஆகும். கடல் ஏறி வந்து வீட்டுக்குள் புகும் பயம் அங்கே கிடையாது. ஃப்ளோரிடாக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வது இதுதான்: தண்ணீர் வந்தால் ஓடு, காற்று வந்தால் ஒளிந்துகொள். எங்களுக்கு வரப்போவது காற்று. நாங்கள் இருந்தது கான்கிரீட் கட்டிடம். அப்புறம் எதற்காக அம்மாவையும் குழந்தையையும் காரில் ஏற்றி, உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் ரோட்டை நாங்களும் அடைக்க வேண்டும்? பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றிருந்தால் அப்போது என்ன எழுதியிருப்பீர்கள்?

ஹோட்டல்காரர்களும் விளையாட்டுக்கு இருக்கச் சொல்லவில்லை. கூடாரமும் கேபினும் இருக்கிற ஃபோர்ட் வில்டர்னஸையும் மரத்தின் உயரத்தில் கட்டிய வீடுகளையும் முன்கூட்டியே மூடினார்கள். எங்களைப் போல உறுதியான கட்டிடத்தில் இருந்தவர்களை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். ஒர்லாண்டோ விமான நிலையம் புதன்கிழமை காலை 8 மணிக்கே விமானங்களை நிறுத்திவிட்டது. பார்க்குகள் மத்தியானத்தோடு மூடிவிட்டன. வியாழன் முழுக்கத் திறக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு "ரைடு ஏறிக்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுதியவர்களே, அது ஹோட்டல் லாபி. பின்னால் தெரிவது அடுக்கிக் கட்டி வைத்த நீச்சல்குளத்து நாற்காலிகள்.

அந்த லாபியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வெளியேறி வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். நாய்க்குட்டிகள், ஐஸ் பெட்டிகள், குப்பைப் பையில் சுற்றிய ஆல்பங்கள். ஒரு தாத்தா கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்து மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் அலறியது. அரசாங்க எச்சரிக்கை. நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. என் மகள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு "வீடு பறந்துடுமாம்மா?" என்று அழுதாள். காலையிலிருந்து அதே கேள்விதான். சாப்பிடவும் இல்லை. அப்போதுதான் கூஃபி வேஷம் போட்டவர் அவள் முன்னால் வந்து மண்டியிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் போலவே தன் நீளக் காதுகளை ரெண்டு கையாலும் பிடித்துப் பொத்திக்கொண்டு நடுங்கிக் காட்டினார். அவள் விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அவரும் எடுத்தார். அவள் மறுபடி பொத்தினாள், அவரும் பொத்தினார். சிரித்துவிட்டாள். பக்கத்தில் அம்மாவும் சிரித்துவிட்டார். நான் எடுத்த படம் அதுதான். "பத்திரமாக இருக்கிறோம்" என்று எழுதிப் போட்டேன், ஊரில் இருக்கிறவர்கள் கவலைப்படக்கூடாதே என்று.

பயந்து நடுங்குகிற குழந்தையைச் சிரிக்க வைப்பது எப்படி ஐயா குற்றமாகும்? அவள் அழுதுகொண்டிருந்தால் மேற்குக் கரையில் சியெஸ்டா கீ என்ற இடத்தில் புயல் கரையேறாமல் நின்றிருக்குமா?

"ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? புயலின் கண் மேற்குக் கரைக்கு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் சுழல்காற்று அடித்து, ஸ்பானிஷ் லேக்ஸ் என்ற முதியோர் குடியிருப்பில் ஆறு பேர் இறந்தார்கள். அம்மா வயசுக்காரர்கள் வாழ்கிற இடம். செய்தியைப் பார்த்த பிறகு நான் தூங்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ட்ரோபிகானா ஃபீல்ட் மைதானத்தின் கூரை கிழிந்து பறந்த படத்தையும் ராத்திரியே பார்த்தேன். அந்த ராத்திரி எங்கள் ஜன்னல் கண்ணாடியே உள்ளேயும் வெளியேயும் மூச்சு விடுவது போல அதிர்ந்தது. மகளைக் குளியலறைத் தரையில் போர்வை விரித்துப் படுக்க வைத்து, நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதையெல்லாம் நான் படம் எடுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் துக்கத்துக்குத் தகுதியானவர்கள் என்று ஒப்புக்கொண்டிருப்பீர்களா?

வசதி இருக்கிறவர்களின் பிரச்சினை என்றும் ஒருவர் சொன்னார். எங்களுக்குக் கான்கிரீட் சுவர் இருந்தது, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனபோது எங்களுக்கு விளக்கு எரிந்தது. உண்மைதான், மறுக்கவில்லை. நவராத்திரி நேரத்தில் ஊர் சுற்றப் போனதால் வந்த வினை என்று எழுதிய அக்காவுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள். புயல் நேரத்தில் வீட்டுக்குப் போகாமல் ஹோட்டலிலேயே தங்கி வேலை செய்வதற்கென்று ஒரு குழு இருக்கிறது. எங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்த பெண் போர்ட்டோ ரிக்கோக்காரர். 2017-இல் மரியா புயலில் எல்லாம் போய், ஒர்லாண்டோ பக்கம் வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவர் அம்மா அன்று பக்கத்து ஊரான கிஸ்ஸிமீயில் வீட்டில் தனியாக இருந்தார். இவர் இங்கே நின்று எங்கள் எல்லோருக்கும் ரொட்டியும் ஆப்பிளும் எடுத்துக் கொடுத்தார். கூஃபி உடைக்குள் இருந்தவருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருந்திருக்கும், அதற்கும் கூரை இருந்திருக்கும். அத்தனை கமெண்டிலும் அவர்களைப் பற்றி ஒன்றாவது வந்ததா? வரவில்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது, அம்மாவைப் பற்றி எழுதியதுதான். "பாட்டிக்கு இந்த வயசில் இது தேவையா" என்று போட்டார்களே, அந்தப் பாட்டி யார் தெரியுமா? 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏறியபோது பண்ருட்டி பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தவர். நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். போன் போகவில்லை. பஸ் கிடைத்த இடம் வரை பஸ், அப்புறம் நடை என்று போய்ச் சேர்ந்தேன். வழி நெடுக பலா மரங்கள் வேரோடு பிடுங்கிக் கிடந்தன. தாத்தா காலத்து முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. முந்திரி மறுபடி காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது. அம்மா அன்று அழவில்லை. அண்டை வீட்டுக் குழந்தைகளைத் திண்ணையில் உட்கார வைத்து, விழுந்த பலா மரத்துப் பிஞ்சுகளைச் சமைத்துப்போட்டு, கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மில்டன் அன்று ஹோட்டலில் யாரும் சொல்லாமலே அம்மா குளியல் தொட்டி, ஐஸ் வாளி, காபி கப் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். டார்ச் எங்கே, மாத்திரை எங்கே, எல்லோருடைய செருப்பும் கட்டில் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். எங்களில் புயலைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சிரித்ததைப் பார்த்து நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள்.

முகம் தெரியாதவர்கள் எழுதியதைக்கூட விட்டுவிடுவேன். அந்த ஸ்க்ரீன்ஷாட்டைக் குடும்ப குரூப்பில் போட்டு, சிரிக்கிற பொம்மையும் போட்டது என் சொந்த மாமா. அம்மாவின் உடன்பிறந்த தம்பி. மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். தானே புயலுக்கு மறுநாள் ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தபோது, உங்களுக்கு என்ன ஆனதோ என்று அம்மா ஒரு பையில் அரிசியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வரைக்கும் நடந்து வந்தார். போகும்போது முள் குத்தி, திரும்பும்போது கால் வீங்கியிருந்தது. நீங்களே எத்தனை தடவை கல்யாண வீடுகளில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். மில்டன் அடித்த அந்த ராத்திரி உங்களுக்குப் பகல். கையில் போன் இருந்தது, வாட்ஸ்அப்பில் காசும் ஆகாது. "அக்கா, எப்படி இருக்க" என்று நீங்கள் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. அம்மா குரூப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, உங்களைப் பற்றி ஒரு குறையும் பேசவில்லை.

டிசம்பர் வரை அம்மா எங்களோடு அட்லாண்டாவில்தான் இருப்பார். உங்களுக்கு ராத்திரி ஏழு மணி என்றால் இங்கே காலை. அம்மா எழுந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். நம்பர் உங்களிடம் இருக்கிறது மாமா. போன் பண்ணுங்கள்.