கழுத்தில் போடுவது 'சின்ன ஊசி' அல்ல

காலையில் போய் மதியமே வீடு திரும்பிவிடலாம் என்பதற்காக, கழுத்தில் தண்டுவடத்தை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிறிய சிகிச்சை ஆகிவிடாது. பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் பெரியம்மாவிடம் 'சின்ன ஊசிதான்' என்று சொன்னார்கள். என்ன மருந்து என்று கேட்டால், "வலி குறைய" என்பதே பதில். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மருந்தின் பெயரைக் கேட்டே ஆக வேண்டும். மெதில்பிரெட்னிசோலோன், டிரையம்சினோலோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகளில் நுண்துகள்கள் மிதக்கும். கழுத்தில் நரம்பு வெளியே வரும் துளை வழியாகச் செலுத்தும்போது ஊசிமுனை தமனிக்குள் புகுந்துவிட்டால், அந்தத் துகள்கள் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போகும் ரத்தத்தை அடைத்துவிடக்கூடும். பக்கவாதம், கைகால் செயலிழப்பு, பார்வை இழப்பு, மரணம்கூட நேர்ந்திருக்கிறது. இவை அரிதானவை, ஆனால் நேர்ந்தால் மீட்பது கடினம். அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2014 ஏப்ரலில் இதைப் பற்றி எச்சரித்தது. தண்டுவட உறையைச் சுற்றிச் செலுத்துவதற்கு ஸ்டீராய்டுகளைத் தான் அங்கீகரிக்கவில்லை என்பதையும் அப்போது சொன்னது. கழுத்தில் அந்தத் துளை வழியாகத் துகள் மருந்தே கூடாது என்று 2015இல் அங்குள்ள நிபுணர் குழு பரிந்துரைத்தது. டெக்ஸாமெதசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் அத்தகைய துகள்கள் இல்லை.

பின்கழுத்து வழியாகப் போடுவதானாலும், முன்பே எடுத்த எம்ஆர்ஐ படத்தில் ஊசி போகப் போதிய இடம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். ஊசி போகும் பாதையை எக்ஸ்ரே திரையில் பார்த்து, சாயம் செலுத்திச் சரிபார்க்க வேண்டும். ஆழ்ந்த மயக்கமும் கூடாது. ஊசி நரம்பைத் தொட்டால் நோயாளிதானே சொல்ல வேண்டும்?

ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைவிரல் வரை இழுக்கும் வலியில் இரவெல்லாம் தூங்காதவருக்குச் சில வார நிம்மதியும் பெரிதுதான். ஆனால் அந்த நிம்மதிக்கு எதைப் பணயம் வைக்கிறார் என்பது அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லப்பட வேண்டும். நம்மவர் பலருக்கு இனிப்புநீர் உண்டு. ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

ஊசி போட்டுக்கொண்டு வந்தபின் கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கடும் தலைவலி, சிறுநீர் போவதில் சிரமம், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், கழுத்தில் ஊசி போட்டதை முதலில் சொல்லுங்கள்.