ரெயிலர் ஏன் முன்னால வருது?

(கொழும்பு, வெள்ளவத்தை. காலி வீதியோரம் ஒரு தேத்தண்ணிக் கடை. பகல் 2.10. முந்தித் தியேட்டரில் படம் காட்டும் மெசின் ஓட்டிய சிவம் அண்ணையும், ஓட்டோக்காரக் கஜனும்.)

கஜன்: கெதியாக் குடியுங்கோ அண்ணை. மெற்றினி 2.30க்கு.

சிவம்: மெற்றினி எண்ட சொல்லே பிரெஞ்சில காலமையைத்தான் குறிக்கிறது.

கஜன்: அப்ப படம் முடிஞ்சுதோ?

சிவம்: பத்து மணிக்குப் பாயைச் சுருட்டுற உனக்கு 2.30 காலமைதானே, இரு.

கஜன்: சரி, முதல் பத்து நிமிசம் ரெயிலர்தான் போகும்.

சிவம்: ரெயிலர் எண்டால் பின்னால இழுபட்டு வாறது. ஆதியில படம் முடிஞ்ச பிறகுதான் அதைப் போட்டவங்கள். சனம் எழும்பிப் போயிட்டுது, வெறும் கதிரைக்கு ஆர் படம் காட்டுறது? முன்னுக்குக் கொண்டு வந்தாங்கள். பேரை மாத்தேல்லை.

கஜன்: நான் ஓட்டோவுக்கு முன்னால ரெயிலரைக் கொழுவினால் மட்டும் பொலிஸ் பிடிக்கும்.

(கஜன் பால்தேத்தண்ணியில் படிந்த ஆடையை விரலால் வழித்து எறிகிறான்.)

சிவம்: பிலிமை ஏனடா எறியிறாய்?

கஜன்: இது ஆடை அண்ணை.

சிவம்: அதுதான் பிலிம். பழைய இங்கிலீசில மெல்லிய தோல், சவ்வு எண்டு அர்த்தம். போட்டோக் கண்ணாடியில பூசின மருந்துப் படலத்துக்கு அந்தப் பேரை வைச்சாங்கள். பிறகு அது சுருளுக்கு ஏறி, சுருளில இருந்து படத்துக்கே ஏறிட்டுது.

கஜன்: இப்ப சுருளும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில எல்லோ வருது.

சிவம்: ஆனா எடுத்த காட்சியை "புட்டேஜ்" எண்டு இன்னும் சொல்லுறாங்கள். புட் எண்டால் அடி, அது அடிக்கணக்கு. 35 மில்லிமீற்றர் சுருளில அடிக்கு 16 பிரேம், அதாவது தனித்தனி நிலைப்படம். செக்கனுக்கு 24 ஓடினால் நிமிசத்துக்கு 90 அடி. ரெண்டரை மணித்தியாலப் படம் எண்டால் 13,500 அடி.

கஜன்: கிலோமீற்றரில சொல்லுங்கோ, எனக்கு மீற்றர்க் கணக்குத்தான் ஓடும்.

சிவம்: நாலுக்குக் கொஞ்சம் கூட. விரிச்சால் இஞ்ச இருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் போயிடும். 

கஜன்: அவ்வளவும் ஒரு சுருளிலயோ?

சிவம்: எங்க! 2,000 அடிச் சுருள் 22 நிமிசத்தில முடிஞ்சிடும். அதுக்குத்தான் ரெண்டு மெசின். சுருள் முடியப் போகேக்க திரையில வலப்பக்க மேல் மூலையில ஒரு புள்ளி மின்னும். உடன மற்ற மெசினின்ர மோட்டாரைப் போட வேணும். ஏழு செக்கனில ரெண்டாவது புள்ளி. அதோட மாத்த வேணும். ஒரு புள்ளி நாலே நாலு பிரேமுக்குத்தான் நிக்கும், செக்கனில ஆறிலொண்டு.

கஜன்: தும்மினால்?

சிவம்: திரை வெள்ளை. கலரியில விசில். அம்மாவையும் இழுப்பாங்கள்.

(கஜனின் போன் அடிக்கிறது. பார்த்ததும் முகம் சுருங்குகிறது.)

கஜன்: வில்லன் எடுக்கிறார்.

சிவம்: ஆர்?

கஜன்: மாமனார். கிளிநொச்சியில வயல் செய்யிறார்.

சிவம்: அப்ப பேர் அச்சொட்டாப் பொருந்துது! லத்தீனில வில்லா எண்டால் பண்ணை வீடு, அங்க வேலை செய்யிறவன்தான் வில்லன். பிரபுமார் "நாட்டுப்புறத்தான்" எண்டு ஏசி ஏசியே அந்த அப்பாவியைக் கெட்டவனாக்கிப் போட்டாங்கள்.

கஜன்: (போனில்) ஓம் வில்ல… மாமா! இல்லை மாமா, ஹயர் ஒண்டு… எங்கயோ? எத்தினை? சரி மாமா. (வைத்துவிட்டு) கோட்டை ஸ்டேசனில நிக்கிறாராம். நாலு மூட்டை அரிசி, மாமி, மாமியின்ர தங்கச்சி. இப்பவே வரட்டாம்.

சிவம்: ஓட்டோ காணாது. பின்னால கொழுவிக் கொண்டு போ.

கஜன்: எதை?

சிவம்: ரெயிலரை.