மேசையைப் பொறுக்கலாம், பூச்சட்டியைப் பொறுக்க முடியாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைகள் நடைபாதையை அடைத்து மேசை போட்டிருப்பதை யாராவது படம் எடுத்துப் போட்டால் போதும், கீழே இரண்டு கட்சி கிளம்பிவிடும். “எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்” என்பது ஒரு கட்சி. “பாவம், அவர்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்” என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. மேசை நாற்காலி மேல் எனக்கு அப்படியொன்றும் பெரிய கோபம் கிடையாது. என் கோபமெல்லாம் பூச்சட்டி மேல்தான்.

சிரிக்க வேண்டாம், முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

மேசைக்கு ஒரு நேரம் உண்டு. சாயங்காலம் விரிப்பார்கள், கடை அடைக்கும்போது மடக்கி உள்ளே எடுத்துவிடுவார்கள். அதோடு, மேசை இருக்கும் இடத்தில் ஆள் இருப்பார். “தம்பி, கொஞ்சம் வழி விடுங்க” என்றால் தே தாரேக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துக்கொள்வார். முகம் சுளித்தாலும் இழுத்துக்கொள்வார். பூச்சட்டியிடம் போய் யார் பேசுவது? இடுப்பு உயரம், உள்ளே முக்கால்வாசி மண், இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அது அங்கேயே நிற்கும். கடையையே காலி செய்துகொண்டு போன பிறகும் சட்டி மட்டும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். செடி காய்ந்துபோய், மண்ணில் சிகரெட் துண்டுகளும் யாரோ குடித்துவிட்டுச் செருகிய பிளாஸ்டிக் பையும் உறிஞ்சு குழாயுமாக.

அழகுக்காக வைத்தது என்பார்கள். கொஞ்சம் அழகுக்கும் இருக்கலாம். ஆனால் கடைத்தெருவில் வளர்ந்த யாருக்கும் உண்மைக் காரணம் தெரியும். வாசலில் மோட்டார் நிறுத்தக் கூடாது. ஒட்டுக்கடைக்காரர் வந்து வண்டியைப் போடக் கூடாது. முதலில் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சட்டி வரும். பிறகு ஓரமாக நாலு. பிறகு சட்டிக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு சங்கிலி. அப்புறம் சங்கிலிக்கு உள்ளே ஒரு மேசை. அதற்குள் அது பொது இடம் என்பதே எல்லோருக்கும் மறந்திருக்கும். மேசையை மட்டும் போட்டிருந்தால் முதல் நாளே யாராவது புகார் கொடுத்திருப்பார்கள். செடியைப் பார்த்து யாருக்குப் புகார் கொடுக்க மனசு வரும்?

பிரிக்பீல்ட்ஸில் இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான். பார்வை இல்லாதவர்கள் வேலை பார்க்கும் உடம்புப்பிடி நிலையங்களும் இங்கே உண்டு. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைக் காலையும் மாலையும் இந்தத் தெருக்களில் பார்க்கலாம். நடைபாதையில் மஞ்சள் கல் பதித்திருப்பது அவர்களுக்காக. நீளமாகக் கோடு போட்ட கல் இருந்தால் இப்படியே போகலாம். புள்ளி புள்ளியாகப் புடைத்த கல் வந்தால் நிற்க வேண்டும், முன்னால் சாலையோ படியோ வருகிறது என்று அர்த்தம். காலுக்கும் கோலுக்கும் தெரிகிற மாதிரி எழுதிய எழுத்து அது. அதன் மேல்தான் சட்டியைத் தூக்கி வைக்கிறார்கள்.

கோல் தரையைத் தட்டிக்கொண்டு போகும். சட்டியின் அடிப்பாகம் அதற்குத் தட்டுப்படும். சட்டியிலிருந்து முகத்துக்கு நேராக நீண்டிருக்கும் காகிதப்பூக் கிளை தட்டுப்படாது, அதில் முள் வேறு. நியாயமாகச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் மேசை இன்னும் மோசம். கோல் மேசைக் கால்களுக்கு நடுவே புகுந்துவிடும், விளிம்பு வந்து வயிற்றில் இடிக்கும். பெரிய குடைகளின் கம்பி நுனி கண்ணுக்கு நேரே நிற்கும். மேசைக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், நானும்தான்.

ஒரு நாள் ஜாலான் துன் சம்பந்தனில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். சட்டியில் கோல் பட்டதும் நின்றார். இடப்பக்கம் தட்டிப் பார்த்தார், இன்னொரு சட்டி. வலப்பக்கம் தட்டிப் பார்த்தார், அங்கே வழி இருந்தது. அந்த வழி நேராக நடைபாதை விளிம்புக்கும் அங்கிருந்து சாலைக்கும் போனது. பின்னால் வந்த மோட்டார்க்காரன் ஹாரன் அடித்தான். கடைக்குள்ளிருந்து ஒரு பையன் ஓடி வந்து, “வாங்க ஐயா” என்று கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். நல்ல பையன். ஆனால் யார் கையையும் பிடிக்காமல் அவர் தானாகப் போகட்டும் என்றுதானே அந்த மஞ்சள் கல்லைப் பதித்தார்கள்?

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 46ஆவது பிரிவு. பொது இடத்தில் தடங்கலாக எதை வைத்தாலும் குற்றம், முதல் முறை 500 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் மாட்டினால் 1,000 வெள்ளி வரை. எதை வைத்தாலும் என்றால் பூச்சட்டியும்தான். “இது என் கிராண்டுக்குள் வருகிற இடம்” என்று நிலப்பட்டாவைக் காட்டிச் சில முதலாளிகள் சொல்வார்கள். பழைய கடைவீடுகளில் பல இடங்களில் அது உண்மையும்கூட, அஞ்சடி, அதாவது கடைவீட்டு முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற நடைவழி, இருக்கிற நிலம் அவர்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சட்டம் நடைபாதை என்று சொல்லும்போதே தெருவோரத்து அஞ்சடியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கிராண்டில் பெயர் இருக்கலாம், வழியை அடைக்கிற உரிமை அதோடு வருவதில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பொது வசதிகளைப் பயன்படுத்த அவர்களுக்கு உரிமை உண்டு என்று 26ஆவது பிரிவில் சொல்கிறது. அந்த உரிமையை மீறினால் என்ன தண்டனை என்பதை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

அஞ்சடிக்காக அடித்துக்கொள்வது இன்று நேற்று வந்ததும் அல்ல. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்டபோதே, ஒவ்வொரு கடைவீட்டு முன்பும் கூரை போட்ட நடைவழி தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் எழுதி வைத்தார். எழுதி வைத்ததோடு சரி. 1888இல் அதே சிங்கப்பூரில் நகராட்சி ஆட்கள் அஞ்சடியைக் காலி செய்யக் கிளம்பியபோது கலவரமே வெடித்தது. கோலாலம்பூர் 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் காலத்தில் செங்கல்லும் ஓடுமாக எழும்பிய கடைவீடுகளோடு நமக்கும் அஞ்சடி வந்து சேர்ந்தது. இப்படி வெயில் அடித்து இப்படி மழை கொட்டுகிற ஊருக்கு இதைவிட நல்ல யோசனையை இன்றுவரை எந்த நகரத் திட்டக்காரரும் கொண்டுவரவில்லை என்பது என் எண்ணம். நாலு மணிக்குச் சடசடவென்று மழை பிடிக்கும்போது குடை இல்லாமல் ஒரு தெருவைக் கடந்து பாருங்கள், தெரியும்.

கடைக்காரர் பக்கத்தையும் எனக்குத் தெரியும். என் சித்தப்பா ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார். பஞ்சாபி சூட்டும் பிள்ளைகள் ஜிப்பாவும் தொங்குகிற இரண்டு ஸ்டாண்டுகள் எப்போதும் வெளியே நிற்கும். வீட்டுக்கு வந்திருந்தபோது, “ஏன் சித்தப்பா, அதை உள்ளே வெச்சாத்தான் என்ன?” என்று கேட்டேன்.

“வெக்கலாம்மா. பக்கத்துக் கடைக்காரனும் வெக்கணுமே? நான் மட்டும் உள்ளே இழுத்துக்கிட்டா வர்ற ஜனம் என் கடையைத் தாண்டிப்போய் அவன் ஸ்டாண்டுகிட்டதான் நிக்கும்.”

“எவ்வளவு தூரம் வெளியே வெக்கலாம்னு உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?”

“அதெல்லாம் யாரு சொல்றா? மன்றத்து ஆபிசர் வந்தா உள்ளே தள்ளுவோம். போனா வெளியே தள்ளுவோம்.”

அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. வாடகை கட்டுகிறவர், கண்ணில் படாத சரக்கு விற்காது என்று தெரிந்தவர், பக்கத்துக் கடையைப் பார்த்துத்தான் தன் எல்லையை வைத்துக்கொள்கிறார். அவன் ஓரடி வந்தால் இவர் ஒன்றரை அடி. இப்படியே போனால் யாருக்கும் லாபமில்லை, எல்லோருக்கும் ஒரே அளவு வழி குறைகிறது, அவ்வளவுதான்.

ஆபிசர் வருகிற நாளில் நடப்பதும் நமக்குத் தெரிந்ததுதான். சக்கரம் உள்ளது உள்ளே ஓடிவிடும். மடக்க முடிந்ததை மடக்கிவிடுவார்கள். தூணோரம் சின்ன ஸ்டூல் போட்டுப் பூ கட்டி விற்கிற அம்மாவும், தட்டில் வடையும் கச்சானும் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் பொருள்தான் லோரியில் ஏறும், ஏனென்றால் அதைத்தான் ஏற்ற முடியும். சிமெண்டுச் சட்டியை ஏற்ற வேண்டுமானால் தனி வண்டியும் நாலு ஆளும் வேண்டும். கனமாக இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. இத்தனைக்கும் அந்த அம்மா எழுந்து வீட்டுக்குப் போனதும் வழி தானாக வந்துவிடும். மாநகர மன்றமே அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதை நடுவில் வைத்த சட்டிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இப்போதைக்கு விடுகிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடலாமா? வேண்டாம் என்பேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வேலை முடிந்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற பெண்களைக் கேளுங்கள். வெளியே மேசை போட்டு, விளக்கு எரிந்து, நாலு பேர் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிற தெருவில்தான் நாங்கள் நடப்போம். ஷட்டரெல்லாம் இறங்கின தெருவில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அதே நேரம், நடைபாதை அடைபட்டு நாங்கள் சாலையில் இறங்கினால், பை பறிக்கிற மோட்டார்க்காரனுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் வந்துவிடுகிறோம். அதனால்தான் மேசை இருக்கட்டும், வழியும் இருக்கட்டும் என்கிறேன். தீபாவளிச் சந்தையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எப்போது வரும், எப்போது போகும் என்று தெரிந்த கூட்டம் அது, முறுக்கு வாங்க நானும் போய் இடிபடுகிறவள்தான்.

எனக்கு வேண்டியது தரையில் ஒரு கோடு. பெயிண்டால் போட்ட, எல்லோர் கண்ணிலும் படுகிற கோடு. முடியாத காரியமா? 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது, புகைப்பவர் கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று வந்தபோது, கடைக்காரர்களே மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து தரையில் கோடு இழுத்தார்களே! சிகரெட்டுக்குப் போட முடிந்த கோட்டை நடக்கிறவர்களுக்குப் போட முடியாதா?

அகலமான நடைபாதையில் கோட்டுக்கு உள்ளே மேசை போடட்டும். கோட்டுக்கு வெளியே ஒரு சக்கர நாற்காலியும் எதிரே வருகிற ஆளும் யாரும் சாலையில் இறங்காமல் கடந்து போக வேண்டும். மஞ்சள் கல் மேல் எதுவும் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. பழைய கடைவீடுகளின் அஞ்சடி வேறு விஷயம். அது மொத்தமே ஒன்றரை மீட்டர்தான், அதில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் மிஞ்சுவது ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். அங்கே ஒன்றுமே வேண்டாம், சுவரோடு ஒட்டி மாட்டுகிற துணியைத் தவிர. சித்தப்பா கோபித்துக்கொள்வார். ஆனால் பக்கத்துக் கடைக்காரனுக்கும் அதே கோடுதான் என்றால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

இன்னொன்று. மேசை நாற்காலிக்குப் பெர்மிட் கொடுக்கிறார்கள், சரி. எத்தனை மேசை, எத்தனை மணி வரை, எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை என்று ஒரு சின்னப் படம் போட்டு, அதை வெளித்தூணில் ஒட்டச் சொல்லுங்கள். கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற தாளை நடந்து போகிறவர் எப்படிப் படிப்பார்? கோலாலம்பூரில் நமக்குக் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது, மேயரும் நியமனத்தில் வருகிறவர். வாசலில் தாள் இருந்தால், ஆபிசருக்குக் காத்திருக்காமல் நாமே பார்த்து, “அண்ணே, அஞ்சு மேசைதானே போட்டிருக்கு, இங்கே ஒன்பது இருக்கே?” என்று கேட்டுவிடலாம். எங்கள் ஆட்கள் கேட்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெர்மிட் படத்தில் பூச்சட்டிக்கும் மேசைக்கு உள்ள அதே விதியை எழுத வேண்டும். செடி வேண்டுமா, தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். இல்லை தரையில்தான் வேண்டுமென்றால் அடியில் சக்கரம் வைத்த சட்டியாக வாங்கி, கடை அடைக்கும்போது நாற்காலிகளோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுங்கள். தள்ள முடியாத சட்டி கடைக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளே இடம் போதவில்லை என்றால் ஒரு மேசையைக் குறைத்துக்கொள்ளட்டும்.