சாப்பிட வந்தோம், கத்த வரவில்லை

வெளியே சாப்பிடப் போனால் இப்போதெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. சாப்பாட்டில் இருக்கும் காரத்தால் இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் "தண்ணீர் வேண்டுமா" என்று கேட்கவே அடிவயிற்றில் இருந்து குரல் எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் "என்ன?" என்பார். மறுபடியும் கத்துவோம். அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்வார். மூன்றாவது முறை "ஒன்றுமில்லை, விடு" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். பேசத்தானே சேர்ந்து வந்தோம்? பேசாமல் சாப்பிடுவதாக இருந்தால் வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாமே!

இதை யாரிடமாவது சொன்னால் உடனே "காதைக் கொஞ்சம் டாக்டரிடம் காட்டு" என்று பதில் வருகிறது. காதில் கோளாறு இல்லை ஐயா, கட்டடத்தில்தான் கோளாறு.

இப்போது புதிதாகத் திறக்கும் எந்த உணவகத்துக்கும் போய்ப் பாருங்கள். தரை சிமென்ட் அல்லது டைல்ஸ். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, இன்னொரு பக்கம் பூசாத செங்கல். மேலே கூரை போடாமல் குழாயும் கம்பியும் வெளியே தெரிய விட்டிருப்பார்கள். மேசைவிரிப்பு போயே போய்விட்டது. திரைச்சீலை இல்லை, தரைவிரிப்பு இல்லை, நாற்காலியில் மெத்தை இல்லை. அடுக்களையும் திறந்தே இருக்கிறது. பாத்திரம் உருளுவது, காப்பி இயந்திரம் சீறுவது, மிக்ஸி அலறுவது எல்லாம் நேராக நம் மேசைக்கே வருகிறது. ஒலியைக் குடிக்க அந்த இடத்தில் ஒரு முழத் துணி கூடக் கிடையாது. யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்தால் அந்தக் கிரீச் சத்தம் நாலு சுவரிலும் மோதி நம் பல்லைக் கூசவைக்கிறது. அந்த நாற்காலிக் காலுக்கு ஒரு ரப்பர் மூடி போட என்ன செலவாகிவிடும்? அதைக் கூடச் செய்ய மாட்டார்கள். புகைப்படத்தில் இடம் அழகாக விழுந்தால் போதும். படத்தில் சத்தம் தெரியாது.

இதற்கெல்லாம் மேல்தான் பாட்டு போடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். கூட்டம் நிரம்பியதும் பாட்டைக் குறைக்க வேண்டும் என்பது யாருக்குமே தோன்றாத அளவுக்குப் பெரிய ரகசியமா? குறைப்பதற்குப் பதில் ஏற்றுகிறார்கள். பேச்சு பாட்டை மூழ்கடிக்கிறதாம்.

இந்த விவகாரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது, கோபம் இரட்டிப்பாகிவிட்டது. எத்தியேன் லோம்பார் என்று ஒரு பிரெஞ்சுக் காது மருத்துவர். 1911-லேயே அவர் எழுதி வைத்துவிட்டார்: பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் சத்தத்தை விட்டால் அவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார், சத்தத்தை நிறுத்தினால் குரலும் தானாக இறங்கிவிடும். இதற்கு லோம்பார் விளைவு என்றே பெயர். இதை உணவகத்தில் பொருத்திப் பாருங்கள். பாட்டை ஏற்றினால் முதல் மேசைக்காரர் குரலை ஏற்றுவார். அது கேட்டு இரண்டாம் மேசை ஏற்றும். இரண்டாவது ஏற்றியதால் முதல் மேசை இன்னும் ஏற்றும். யாரும் யாரையும் கத்தச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் கத்துகிறோம். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம் இது. தெரிந்தும் பாட்டை ஏற்றுகிறார்கள்.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். கூட்டமான நேரத்தில் உட்கார்ந்து போனில் அளந்து பார்த்தால் 80-ஐத் தாண்டித்தான் காட்டுகிறது. அப்படியென்றால் நாம் இயல்பாகப் பேசுவதைப் போல நான்கு மடங்குச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, "குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்" என்று விசாரிக்கப் பார்க்கிறோம். எப்படி முடியும்?

அப்பாவை வெளியே சாப்பிடக் கூட்டிப்போவதை நான் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டேன். வீட்டில் அவருக்கு நன்றாகக் காது கேட்கும். அடுத்த அறையில் மெதுவாகப் பேசினாலும் பதில் கொடுப்பார். ஆனால் அந்த இரைச்சலுக்குள் போய் உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுகிறார். சுற்றிலும் நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நாங்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பார். "கண் பரிசோதனைக்கு என்றைக்குப் போகலாம்ப்பா?" என்று கேட்டேன். "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிட்டுக் கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், அவர் அந்த மாலை முழுக்க எதையுமே கேட்டிருக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. அவர் பிறந்தநாளுக்குத்தான் போயிருந்தோம்.

பல குரல்களுக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்பது மூளை செய்யும் வேலை. 1953-ல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, விருந்துக் கூட்டத்தில் நாம் எப்படி ஒருவரை மட்டும் கேட்கிறோம் என்று கேள்வி எழுப்பினார். வயதாக ஆக அந்தப் பிரித்தெடுக்கும் திறன் குறையும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் காது கேளாமை உள்ளவர்கள் உலகத்தில் 43 கோடிப் பேர். காதுக்கருவி போட்டவர்களுக்கு இந்த இரைச்சல் இன்னும் கொடுமை, கருவி பேச்சோடு சேர்த்துத் தட்டுச் சத்தத்தையும் பெரிதாக்கிக் கொடுக்கும். இத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டு யாருக்காக இந்த இடங்களைக் கட்டுகிறார்கள்?

சரி, பேச்சுதான் போகட்டும், சாப்பாடாவது நாக்கில் ஒழுங்காகத் தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை. 2010-ல் வந்த ஒரு ஆய்வில், காதில் பலத்த இரைச்சலை விட்டுக்கொண்டே சாப்பிடக் கொடுத்தார்கள். இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்ததாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். 2015-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விமானத்துக்குள் இருக்கும் இரைச்சலைப் போட்டுச் சோதித்தார்கள். இனிப்புச் சுவை மங்கியது, தக்காளியில் இருக்கும் அந்த உமாமிச் சுவை (இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போக ஐந்தாவதாகச் சொல்லும் அடிப்படைச் சுவை) மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. தரையில் தக்காளிச் சாறைத் தொடாதவர்கள் விமானத்தில் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்களே, அந்த விஷயம் இதில்தான் பொருந்துகிறது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: நாக்கின் முன்பகுதிச் சுவையை மூளைக்கு எடுத்துப்போகும் நரம்பு நடுச்செவி வழியாக, செவிப்பறையை ஒட்டித்தான் போகிறது. உள்ளே ஒரு சமையல்காரர் அடுப்புச் சூட்டில் நின்று, உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் பார்த்துப் போடுகிறார். வெளியே இவர்கள் ஒலிபெருக்கியை வைத்து அந்த உழைப்பை அழித்துவிடுகிறார்கள். சமையல்காரர்களுக்காவது கோபம் வர வேண்டாமா?

தெரியாமல் நடக்கிறது என்று நினைத்தால் மனசு ஆறும். ஆனால் பாட்டுக்கும் கல்லாவுக்கும் உள்ள தொடர்பைப் பல வருடங்களுக்கு முன்பே அளந்து பார்த்துவிட்டார்கள். ரொனால்டு மில்லிமன் என்பவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு: மெதுவான இசை ஓடினால் வந்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்து, மதுவுக்கு அதிகம் செலவழித்தார்கள். வேகமான இசை ஓடினால் சீக்கிரம் எழுந்து போனார்கள், மேசை காலியானது. 2008-ல் பிரான்ஸில் மதுக்கூடங்களில் சத்தத்தை 72 டெசிபலில் இருந்து 88-க்கு ஏற்றிப் பார்த்தார்கள். குடித்த அளவு கூடியது, ஒவ்வொரு கோப்பையும் சீக்கிரம் காலியானது. நம் காதை வைத்து வியாபாரம் நடக்கிறது! கூடுதலாக ஒரு கோப்பை விற்கவும், நம்மைச் சீக்கிரம் கிளப்பிவிட்டு அடுத்த ஆளை உட்கார வைக்கவும் நாம் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்?

பரிமாறுகிற பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டே மணி நேரம். நாம் ஒரு மணி நேரத்தில் தப்பித்து வெளியே வந்துவிடுகிறோம். அவர்கள் மாலை முழுக்க அதற்குள்தான் நிற்கிறார்கள், நாளைக்கும் வருவார்கள். நாம் கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் அவர்களிடம்தான் எரிந்து விழுகிறோம். குனிந்து, உதட்டைப் பார்த்து, குத்துமதிப்பாக எழுதிக்கொண்டு போகிறவரால் வேறென்ன செய்ய முடியும்?

நான் வாய் மூடி இருப்பதில்லை. மேலாளரைக் கூப்பிட்டு, பாட்டைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்கிறேன். எங்கே கேட்டாலும் ஒரே பதில்: "இப்படி இருந்தால்தான் கலகலப்பாக இருக்கும்." கலகலப்பு என்றால் அடுத்த மேசையில் யாரோ வாய்விட்டுச் சிரிப்பது, குழந்தை ஓடுவது, பழைய நண்பர்கள் பேசப் பேசக் குரல் உயர்வது. அது எனக்கும் வேண்டும். நூலகம் மாதிரி உட்கார்ந்து யாரும் சாப்பிட விரும்புவதில்லை. மனிதர்கள் எழுப்பும் சத்தத்தைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. அந்த மனிதர்கள் பேசுவது அவர்களுக்கே கேட்காமல் போவதுதான் புகார். நண்பர்கள் வேறு யோசனை சொல்கிறார்கள், கூட்டம் இல்லாத மாலை நாலு மணிக்குப் போகலாமே என்று. நாலு மணிக்கு யாருக்குப் பசிக்கும்?

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபம். பேசிய சொல்லின் எதிரொலி அடங்கவே ஐந்து விநாடிக்கு மேல் ஆகும், பின்னால் சொன்னது முன்னால் சொன்னதோடு மோதி எதுவும் புரியாது. வாலஸ் சேபைன் என்ற இளம் பேராசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் இருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, எத்தனை மெத்தை போட்டால் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளில் இருந்துதான் கிளம்பியது. மெத்தை, துணி, கம்பளி. அவ்வளவுதான் மருந்து. சுவரில் துணி போர்த்திய நாலு பலகை, மேசைக்கு அடியில் ஒட்டும் பஞ்சுத்தகடு, கூரையில் ஒலி உறிஞ்சும் அட்டை. விளக்குக்கும் பெயர்ப்பலகைக்கும் கொட்டும் பணத்தில் இதற்கு ஒரு பங்கு ஒதுக்கினால் போதும்.

விமர்சனம் எழுதுகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தட்டைப் படம் பிடிக்கிறார்கள், விளக்கொளியைப் பாராட்டுகிறார்கள், கழிவறை சுத்தமா என்று கூடச் சொல்கிறார்கள். பேசினால் கேட்குமா என்று ஒரு வரி எழுதுவதில்லை. சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழ் தன் உணவக விமர்சனங்களில் சத்தத்துக்கு மணிச் சின்னம் போட்டுக் காட்டியது, மிக மோசமான இடத்துக்கு வெடிகுண்டுச் சின்னம். சவுண்ட்பிரிண்ட் என்ற செயலியில் மக்களே உணவகச் சத்தத்தை அளந்து பதிகிறார்கள். அதை மற்றவர்களும் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? போனை மேசையில் வைத்து எண்ணைப் பார்த்து, சாப்பாட்டுப் படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டியதுதான்.

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் சுவை, சுத்தம், சத்தம் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். மேலாளரைக் கூப்பிட்டுப் பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று அவர் சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள்.