பூஞ்சை தங்கம் செய்யாது

"தொட்டி மண்ணில் இந்தப் பூஞ்சைப் பொடியைக் கலந்தால் ஆறே மாதத்தில் தங்கத் துகள்" என்றொரு செய்தி சென்னை மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாமி பொட்டலத்துக்குப் பணம் அனுப்பவே கிளம்பிவிட்டார். இது பொய்.

வேர் மட்டும் உண்மை. 2019இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள், பாடிங்டன் தங்கச் சுரங்கப் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சையை ஆராய்ந்தார்கள். அது சூப்பர்ஆக்சைடு என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவத்தை வெளியிட்டு, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் தங்க நுண்துகளைக் கரைக்கிறது. கரைந்தது மறுபடி உலோகமாகி, பட்டுநூலில் சரிகை ஏறுவதுபோல் பூஞ்சையின் இழைமேல் படிகிறது. தங்கம் படிந்த பூஞ்சை மற்றதைவிடப் பெரிதாக, வேகமாக வளர்ந்தது. ஆழத்தில் புதைந்த தங்கத்துக்குத் துப்புக் கிடைக்குமா என்பதே அவர்கள் தேடல்.

தங்கம் ஒரு தனிமம். எந்த உயிராலும் அதை உண்டாக்க முடியாது. செம்மண்ணும் தென்னைநார்க்கழிவும் மண்புழு உரமும் நிறைந்த தொட்டியில் பூஞ்சை எதைக் கரைக்கும்?

என்னைப் பதறவைப்பது வேறொன்று. இதே இனத்தின் சில வகைகள்தான் தக்காளிக்கும் வாழைக்கும் வாடல் நோய் தருகின்றன. அடியிலை மஞ்சளாகும், தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பொடியை ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் அந்தத் தொட்டியைத் தனியே ஒதுக்குங்கள். அதன் மண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.