‘டப்பா போன்’ என்று சொன்ன ஒறம்பரைக்கு

நேற்று எங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். எழுதிங்கள் சீர் (எங்கள் கொங்குப் பக்கத்துச் சடங்கு) போட்டோக்கள் மங்கலாக இருக்கிறதே என்று அப்பா கேட்டதற்கு ஒரு ஒறம்பரை (எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்) போட்ட பதில்: “டப்பா போன்ல அப்படித்தானுங்க மாமா தெரியும். எல்லாரும் ஐபோனுக்கு மாறிட்டா குடும்பமே ஒரே லைன்ல வந்துரும்.” கீழே சிரிப்புப் பொம்மைகள் வேறு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதலில் அந்த மங்கல். ஐபோன்காரர்கள் தங்களுக்குள் ஏர்டிராப்பில் (ஐபோனிலேயே இருக்கும் படம் மாற்றும் வசதி) முழு அளவில் மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்கள். லட்ச ரூபாய் போனாக இருந்தாலும் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023-லிருந்து அதில் எச்டி பொத்தான் இருக்கிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்கவே சுருங்காது. அழுத்தாமல் விட்டது அனுப்பியவர். டப்பா ஆனது எங்கப்பா போன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் போன் வாங்கும்போது, அந்த வீட்டில் அதிகம் தடுமாறுகிறவர் யாரோ அவருக்குத் தோதானதை வாங்க வேண்டும். அதிகம் சம்பாதிக்கிறவருக்குப் பிடித்ததை அல்ல.

அப்பாவுக்கு இரண்டு சிம். ஒன்று, மஞ்சள் மண்டியிலிருந்து பால் சொசைட்டி வரை எல்லோரிடமும் இருக்கும் பழைய நம்பர். இன்னொன்று தோட்டத்தில் சிக்னல் எடுக்கிற நம்பர். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அதிலிருந்துதான் சிம் போட்ட ஸ்டார்ட்டருக்குப் போன் போட்டுக் கிணற்று மோட்டாரை ஓட விடுவார். இந்தியாவில் விற்கிற ஐபோனில் அதிகபட்சம் ஒரு சிம்தான் சொருக முடியும், மற்றது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம். இப்போது போன் வரப்பில் விழுந்து உடைந்தால் இரண்டு சிம்மையும் கழற்றிப் பட்டன் போனில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். இ-சிம்மை எங்கிருந்து கழற்றுவது?

ஐபோனுக்குப் பல வருஷம் அப்டேட் வரும் என்பீர்கள். வரும். 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல் ஐஓஎஸ் 18 அப்டேட் கிடைத்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டில் கேட்காத ஆப்பெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும், அதுவும் உண்மை. (உட்கார்ந்து அழிப்பது நான்தான்.) போட்டோ, வீடியோ எல்லாம் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐக்ளவுடில் சேருமே என்றால், அங்கே சும்மா கிடைப்பது 5 ஜிபி, கூகுளில் 15. அதற்கு மேல் மாதாமாதம் பணம். குலதெய்வம் கோயில் பொங்கல் வீடியோக்களுக்கே 5 ஜிபி பத்தாது.

“வாங்க வக்கில்லாமப் பேசறே” என்றும் ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். அண்ணா, இதை எழுதுவதே ஐபோனில்தான். திருப்பூரில் கம்பெனி கொடுத்தது. துணி வாங்கும் பையருக்கு சாம்பிள் போட்டோ எடுத்து அனுப்ப அருமையான போன். எனக்கு. அப்பாவுக்கு அல்ல. இந்த வித்தியாசம் புரிய இவ்வளவு நேரமா?

அம்மாவுக்கு முன்பு ஒருவர் பாசமாகத் தன் பழைய ஐபோனைக் கொடுத்தார். கொடுத்தவர் அன்றைக்கே பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டார். திரையின் அடியில் பேக் பொத்தானைத் தேடித் தேடி அம்மா என்னைக் கூப்பிட்டார். ஓடிபி வந்தால், கேஸ் புக் பண்ண வேண்டும் என்றால், பாஸ்வேர்டு மறந்தால், ராத்திரி பத்து மணிக்கும் என்னைத்தான். பாசம் அவருடையது, டியூட்டி என்னுடையது. கடைசியில் அந்தப் போன் பீரோவுக்குப் போனது.

ஒரே லைனாம். சீருக்கு வந்து பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையை விட்டுப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “முழங்கால் வலி எப்படிங்க மாமா இருக்குது” என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஃபேஸ்டைம் இல்லாததால் பேச முடியவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? வாட்ஸ்அப்பிலும் வீடியோ கால் இருக்கிறது, கூப்பிட்டுத்தான் பாருங்களேன்.

அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கத்தான் போகிறோம். இரண்டு சிம், பெரிய எழுத்து, வெயிலில் கண்ணுக்குத் தெரிகிற திரை, மெமரி கார்டு போட இடம். இருபதாயிரத்துக்குள் நல்ல மாடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐபோன்தான் என்று அடம் பிடிப்பவர்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துக்கே வந்து அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகலாம். சாப்பாடு நம்ம வீட்டில்.