பெரியப்பாவின் 30 சதவீதம்

"குறுக்கே வந்துட்டாரு சார்." எங்கள் பெரியப்பா இறந்த வழக்கில் கார் ஓட்டியவர் சொன்னது இவ்வளவுதான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா குறுக்கேதான் போனார். விழுப்புரம் பக்கம் எங்கள் ஊரை நான்கு வழிச்சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வீடு இந்தப் பக்கம், பால் சொசைட்டி அந்தப் பக்கம். காலையும் மாலையும் பால் கேனோடு கடந்தே ஆக வேண்டும்.

அது நடந்தது 2018இல். அவருக்கு 72 வயது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பெரியம்மாவிடம், "அந்த இடத்தில் ஜீப்ரா கிராஸிங் இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார் பெரியம்மா. அந்த 'இல்லை'தான் எங்களுக்கு எதிராகப் போனது. கடக்கக் கூடாத இடத்தில் கடந்தார், அவர் மீதும் 30 சதவீதம் தவறு என்று முடிவானது. சரி, கடக்கிற இடம் எங்கே இருந்தது? அதை யாரும் கேட்கவில்லை. சுரங்கப்பாதை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. மழை வந்தால் அதிலும் முழங்கால் தண்ணீர்.

இந்த சதவீதம் யாரிடமிருந்து பிடிக்கப்படுகிறது என்பது வழக்குக்குப் போகாதவர்களுக்குத் தெரியாது. கார்க்காரர் கையிலிருந்து எதுவும் போகவில்லை, வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே கொடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தது. இழப்பீட்டை 6 லட்சம் என்று கணக்கிட்டு, 1,80,000 கழித்து, 4,20,000 கொடுத்தார்கள். கழித்தது முழுக்கப் பெரியம்மாவின் பங்கு.

நடப்பவர்கள் மேல் தவறே கிடையாது என்று சொல்ல வரவில்லை. சிக்னல் இருக்கிற இடத்தில், காதில் இயர்போனோடு, சிவப்பு விளக்கு எரியும்போது இறங்குபவருக்குப் பொறுப்பு உண்டு. நடைமேம்பாலத்துக்குக் கீழேயே தடுப்பைத் தாண்டிக் குதிக்கிற இளைஞருக்கும் உண்டு. அவர்களுக்கு வேறு வழி இருந்தது. வழியே வைக்காத சாலையில் கடந்தவரையும் அவர்களோடு சேர்த்து ஒரே தராசில் நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இது ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்கு. இவர்களில் யாரும் தீர்ப்பாயத்துக்கு வந்து "நான் பார்த்துத்தான் கடந்தேன்" என்று சொல்ல முடியாது. ஓட்டியவர் சொல்வது மட்டும்தான் மிஞ்சுகிறது. ஆதாரம் இல்லாமல் இறந்தவர் மீது தவறைப் பங்கு போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கீழே தீர்ப்பாயங்களில், கடந்தார் என்பதே ஆதாரமாகிவிடுகிறது.

பிரான்ஸில் 1985இலேயே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 16 வயதுக்குக் குறைந்தவரோ 70 வயதைத் தாண்டியவரோ நடந்து போகும்போது வண்டி மோதினால், அவர் வேண்டுமென்றே தனக்குக் கேடு தேடிக்கொண்டிருந்தால் தவிர, உடல் பாதிப்புக்கான இழப்பீட்டைக் குறைக்க முடியாது. அங்கே பெரியப்பாவின் வயதே போதுமானதாக இருந்திருக்கும். நம் ஊரிலும் 2022 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், யார் தவறு என்று பார்க்காமல், உயிரிழப்புக்கு 5 லட்சம் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடியும் அதே சதவீதக் கணக்குதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுகிற பார்வை மகஜர் என்ற குறிப்பையும் வரைபடத்தையும் மட்டும் நம்பி இருக்காதீர்கள். அந்த வாரமே போய் இடத்தை போட்டோ எடுங்கள். விளக்கு எரிகிறதா, அடுத்து கடக்கிற இடம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு பார்க்காம போனாருன்னு இன்னொரு கோர்ட்டுலயும் நின்னு கேக்க என்னால ஆகாதுப்பா" என்றார்.